ஹோவர் செய்ய முடிந்தால் புறப்படவும் முடியுமா? பயிற்சி ஹெலிகாப்டர்களின் புறப்பாட்டுத் திறன் பற்றி ஒரு கேள்வி

இளம்பரிதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரை ஒட்டிய சென்டெனியல் விமான நிலையத்தில் ஹெலிகாப்டர் பயிற்சி பெற்று வருகிறேன். ராபின்சன் ஆர்22 என்னும் இரண்டு இருக்கை ஹெலிகாப்டரில்தான் பயிற்சி. அண்மையில் ஒரு பிற்பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டபோது என் பயிற்றுநர் அன்றைய பறப்பை ரத்து செய்துவிட்டார். கையேட்டில் உள்ள ஹோவர் வரைபடத்தை நானே எடுத்துப் பார்த்தேன். எங்கள் இருவரின் எடையையும் எரிபொருளையும் சேர்த்துக் கணக்கிட்டால், தரைக்கு இரண்டடி மேலே ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்பதற்கான எல்லைக்குள்தான் இருந்தோம். அதைக் காட்டியபோது அவர், "இது ஹோவர் செய்வதற்கான வரைபடம், நாம் செய்யப்போவது புறப்பாடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மாணவரிடம் சென்றுவிட்டார்.

எனக்குப் புரியாதது இதுதான். ஹெலிகாப்டர் முன்னோக்கி நகரத் தொடங்கியதும் தூக்குவிசை கூடுகிறது என்றும், ஹோவர் நிலைக்கே மிகுதியான திறன் தேவை என்றும் பாடநூல் கூறுகிறது. அப்படியானால் கடினமானதைச் செய்ய முடிகிற எந்திரத்தால் எளிதானதை ஏன் செய்ய முடியாது? மேலும், பயிற்சியின்போது நேர்ந்த விபத்துகளின் அறிக்கைகளைப் படித்தால், எஞ்சின் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தது என்றும், ஆனால் ரோட்டரின் (மேலே சுழலும் இறக்கைத் தொகுதியின்) சுழற்சி வேகம் குறைந்து ஹெலிகாப்டர் தரையில் மோதியது என்றும் எழுதியிருக்கிறார்கள். எஞ்சின் நன்றாக ஓடும்போது ரோட்டர் ஏன் தளர வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுழலி எழுதியது:

வணக்கம் இளம்பரிதி. நானும் பயிற்றுநராகப் பணிபுரிகிறேன். உங்கள் பயிற்றுநர் எடுத்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. ஆனால் அதற்கான காரணத்தை அவர் உங்களுக்கு விரித்துச் சொல்லியிருக்க வேண்டும், ஏனெனில் நாளை தனியாக முடிவெடுக்கப்போகிறவர் நீங்கள்.

முதலில் காற்றின் கணக்கைப் பார்ப்போம். சென்டெனியல் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. ஒப்பீட்டுக்கான சராசரி அளவாக வகுத்த திட்ட வளிமண்டலத்தில் அவ்வளவு உயரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரியாக இருக்கும். அன்று 35 டிகிரி என்றால் மிகை 32 டிகிரி. மிகையான ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி என்று சேர்த்தால் 3,800 அடி கூடுகிறது. காற்றழுத்தம் இயல்பாக இருந்தது என்று கொண்டால், உங்கள் ஹெலிகாப்டர் ஓடுதளத்தில் நின்றபடியே 9,700 அடி உயரத்துக் காற்றில் இருந்தது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்து அளவில் முக்கால் பங்குதான். அதே நாள் காலையில் 15 டிகிரி இருந்திருந்தால் இந்தக் கணக்கு உயரம், அதாவது அடர்த்தி உயரம், 7,300 அடி அளவில் நின்றிருக்கும். இடம், எடை, எந்திரம் எதுவும் மாறாமல், பகல் ஏறியதாலேயே 2,400 அடி இழப்பு ஏற்படுகிறது.

இனி எஞ்சின். ஆர்22 பீட்டா 2 வகையில் உள்ள லைகமிங் ஓ-360 குடும்பத்து எஞ்சின், சிறு விமானங்களில் 180 குதிரைத்திறன் வரை தருவது. ஆர்22-இல் அதைத் தொடர்ச்சியாக 124 குதிரைத்திறனுக்கும், புறப்பாட்டின்போது ஐந்து நிமிடங்களுக்கு 131 குதிரைத்திறனுக்கும் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே கடல்மட்டத்தில் பறப்பவருக்கு, எஞ்சினின் திறனைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில் எப்போதும் மிச்சம் இருக்கும். எஞ்சின் எவ்வளவு திறன் தருகிறது என்பதைக் காட்டும் மேனிஃபோல்டு அழுத்தமானி எல்லைக்கோட்டைத் தொட்டாலும் எஞ்சினின் உண்மையான எல்லை இன்னும் தொலைவில்தான் இருக்கும். 9,700 அடி அடர்த்தி உயரத்தில் அந்த மிச்சம் முழுவதும் கரைந்துவிடுகிறது. த்ராட்டில் முழுவதும் திறந்தபின் எஞ்சினிடம் கேட்டுப் பெற எதுவும் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இங்கேதான் உள்ளது. த்ராட்டில் முழுவதும் திறந்த நிலையில், எல்லா இறக்கைகளின் கோணத்தையும் ஒருசேர மாற்றும் நெம்புகோலான கலெக்டிவை மேலும் உயர்த்தினால் இறக்கைகளின் கோணம் கூடுகிறது, இழுவிசை கூடுகிறது, அதை ஈடுகட்டும் வலிமை எஞ்சினுக்கு இல்லாததால் சுழற்சி குறைகிறது. எஞ்சின் தன்னால் இயன்றதை முழுமையாகத் தந்துகொண்டே இருக்கிறது. விபத்துக்குப் பின் அதைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு எந்தக் குறையும் தெரியாது. தூக்குவிசை சுழற்சி வேகத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால், சுழற்சி 10 சதவீதம் குறைந்தால் அதே கோணத்தில் தூக்குவிசை 19 சதவீதம் போய்விடும். ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்கியதும் பழகாத கை இயல்பாகச் செய்வது கலெக்டிவை இன்னும் மேலே இழுப்பதுதான். அது சுழற்சியை மேலும் வீழ்த்துகிறது. பின்சுழலியும் அதே பற்சக்கரத் தொடரால் ஓடுவதால் அதன் விசையும் உடன் தளர்ந்து, மூக்கு வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். திருத்துவதற்காக இடது பெடலை அழுத்தினால் பின்சுழலி இன்னும் அதிகத் திறனை உறிஞ்சும். இவையெல்லாம் சில நொடிகளில் நடந்து முடிபவை.

ஆர்22-இல் சுழற்சி 97 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை ஒலி எழும். அதற்கும் கீழே போகவிட்டால் இறக்கைகள் காற்றைப் பிடிக்கும் தன்மையையே இழந்துவிடும். 80 சதவீதத்தோடு ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ளுமாறு தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை அதைக் குறிக்கத்தான். 6,000 அடியில் அந்த எல்லை 86 சதவீதம். எச்சரிக்கை ஒலிக்கும் மீளமுடியாத நிலைக்கும் நடுவே மலைநாட்டில் இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். ஹோவரைவிட முன்னோக்கிப் பறப்பதற்குக் குறைந்த திறன் போதும் என்பது உண்மை. ஆனால் அந்த நன்மை முழுமையாகக் கிடைப்பது ஏறத்தாழ 16 முதல் 24 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில், ரோட்டர் தான் கலக்கிய காற்றை விட்டுப் புதிய காற்றுக்குள் நுழையும்போதுதான். அதற்கு முன் நீங்கள் ஒரு குறுகிய இடைவெளியைக் கடக்க வேண்டும். தரைக்கு அருகே ஹோவர் செய்யும்போது, ரோட்டர் கீழே தள்ளும் காற்றின் வேகத்தைத் தரை கட்டுப்படுத்துவதால் குறைந்த திறனிலேயே நிற்க முடிகிறது. நகரத் தொடங்கியதும் அந்தத் தரை விளைவின் பலன் குறைகிறது. ரோட்டரைச் சாய்க்கும் நெம்புகோலான சைக்ளிக்கை முன்னே சாய்ப்பதால் தூக்குவிசையில் ஒரு பகுதி முன்தள்ளுவதற்குச் செலவாகிறது. புதிய காற்றோ இன்னும் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டர் சற்றுத் தாழும். அதைத் தாங்கக் கொஞ்சம் கூடுதல் திறன் வேண்டும். நீங்கள் பார்த்த வரைபடம் இரண்டடி உயரத்தில் அசையாமல் நிற்கும் எந்திரத்துக்கானது. நடுவில் உள்ள இந்தச் சில மீட்டர்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. வரைபடத்தின் எண்கள் தேர்ந்த கையை வைத்துப் பெறப்பட்டவை. பயிற்சியின்போது பெடல்களிலும் கலெக்டிவிலும் மாணவரின் கால் கைகள் ஓயாமல் அலைகின்றன, ஒவ்வொரு திருத்தமும் கொஞ்சம் திறனைத் தின்கிறது. ஆகவே ஒரே எடை, ஒரே வெப்பநிலை என்றாலும், பயிற்சிப் பறப்பின் எல்லை வரைபடத்தின் எல்லையைவிட உள்ளே தள்ளித்தான் இருக்க வேண்டும். இதை எந்தக் கையேட்டிலும் ஒரு கோடாக வரைந்து காட்ட முடியாது.

மலைக்காற்று எழுதியது:

சுழலி அவர்களின் விளக்கத்தோடு உண்மையில் நிகழ்ந்த ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அது பயிற்சிப் பறப்பு அன்று, எந்திரமும் பெரியது. ஆனால் புறப்பாட்டுத் திறனின் எல்லை என்பது என்ன என்று கேட்பவர்கள் அனைவரும் அதன் விசாரணை அறிக்கையைப் படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

2008 ஆகஸ்ட் 5 மாலையில், வடக்குக் கலிபோர்னியாவின் வீவர்வில் அருகே, சாஸ்டா-டிரினிட்டி தேசியக் காட்டில் தீயணைப்பு வீரர்களை ஏற்றிவரச் சென்ற சிகோர்ஸ்கி எஸ்-61என் ஹெலிகாப்டர், ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருந்த ஒரு மலைத்தளத்திலிருந்து புறப்பட்டு, சில நொடிகளில் ரோட்டர் வேகம் தளர்ந்து மரங்களில் மோதி எரிந்தது. அதில் இருந்த 13 பேரில் 9 பேர் இறந்தனர். இறந்தவர்களில் ஒருவர், விமானியின் திறனை மதிப்பிடுவதற்காக உடன் சென்ற வனத்துறையின் பரிசோதனை விமானி. அதாவது கற்றவரும் கற்றதைச் சோதிப்பவரும் ஒரே ஹெலிகாப்டரில் இருந்தும் இது நிகழ்ந்தது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 டிசம்பரில் வெளியிட்ட முடிவில் எஞ்சின்கள் மீது குற்றம் காணப்படவில்லை. விமானிகளின் கையில் இருந்த தாள்களே தவறானவை. இயக்கிய நிறுவனம் ஹெலிகாப்டரின் வெற்று எடையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டியிருந்தது. எஞ்சின் எவ்வளவு திறன் தரும் என்பதைக் காட்டும் வரைபடத்தை மாற்றி, உண்மையைவிட மிகுந்த தூக்குதிறன் இருப்பதுபோல் ஆக்கியிருந்தது. எஞ்சின் குறைந்தபட்சத் தரத்தைவிட மேலாக இயங்கும் என்ற அனுமதியற்ற கணிப்பையும் கணக்கில் சேர்த்திருந்தது. இவை ஒவ்வொன்றும் தனியே சிறிய திருத்தமாகத் தோன்றலாம். மூன்றும் ஒரே திசையில் கூடியதால், தாளில் இருந்த பாதுகாப்பு இடைவெளி மலைமேல் இல்லாமல் போயிற்று. வனத்துறையும் விமானப் போக்குவரத்து நிர்வாகமும் போதிய அளவில் மேற்பார்வையிடவில்லை என்றும் வாரியம் கூறியது.

எனினும் என்னை மிகவும் வருத்தியது வேறொரு பகுதி. அன்று அதே தளத்திலிருந்து அந்த ஹெலிகாப்டர் ஏற்கெனவே இரண்டு முறை புறப்பட்டிருந்தது. இரண்டு முறையும் எந்திரம் தன் உச்சத் திறனை நெருங்கியது. காக்பிட் ஒலிப்பதிவில் கேட்ட எஞ்சின், ரோட்டர் ஒலிகளின் அலைவரிசைகளைப் பகுத்து ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தனர். அந்த இரண்டு புறப்பாடுகளையும் எச்சரிக்கையாகக் கொள்ளாமல் மூன்றாவது முறை ஏறியதற்கு வாரியம் சொன்ன காரணம், திறனின் விளிம்பில் இயங்குவது அந்தக் குழுவினருக்குப் பழகிப்போயிருந்தது என்பதே. தாளில் இருந்த பொய்யை விமானிகள் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் கருவிகள் இரண்டு முறை உண்மையைச் சொல்லிவிட்டன.

இளம்பரிதி, உங்கள் கேள்வியோடு இதற்கு உள்ள தொடர்பு இதுதான்: நீங்கள் பார்த்த ஹோவர் வரைபடம் நேர்மையானதாகவே இருக்கலாம். ஆனாலும் அது ஒரு முன்கணிப்பு. ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தியதும் மேனிஃபோல்டு அழுத்தமானி காட்டும் எண்தான் அன்றைய காற்றில், அன்றைய எஞ்சினில், அன்றைய எடையில் கிடைத்த அளவீடு. கணிப்பும் அளவீடும் முரண்பட்டால் அளவீட்டை நம்புங்கள், முரண்பாட்டின் காரணம் தெரியும்வரை அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

தட்டான் எழுதியது:

மேலே உள்ளவை அனைத்தும் சரி. ஆயினும் புதிதாகக் கற்பவர் ஒருவர் இந்த இழையைப் படித்துவிட்டு, பயிற்சி விபத்துகள் எல்லாம் திறன் குறைவால் நேர்பவை என்று எண்ணிவிடக் கூடாது என்பதால் ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கிறேன். கடல்மட்டத்தில், குளிர்ந்த காற்றில், த்ராட்டிலில் மிச்சம் தாராளமாக இருக்கும்போதும் பயிற்சி ஹெலிகாப்டர்கள் கவிழ்கின்றன. ஹெலிகாப்டரைத் தரையில் தாங்கி நிற்கும் சறுக்குக்கால்களில் ஒன்று புல்லிலோ மண்ணிலோ சிக்கியிருக்க, மறுபக்கம் எழும்பினால், ஹெலிகாப்டர் அந்தக் காலைச் சுற்றி உருளத் தொடங்கும். குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியபின் சைக்ளிக்கை எதிர்ப்பக்கம் தள்ளுவதால் மட்டும் அதை நிறுத்த முடியாது. கலெக்டிவைத் தாழ்த்துவதே வழி. இங்கே கேடு விளைவிப்பது திறன் இன்மை அன்று, தரையில் பிணைப்பு இருக்கும்போதே திறனைச் செலுத்துவது. செயல்விளக்கப் பறப்புகளிலும் தொடக்கநிலைப் பயிற்சிகளிலும் அளவுக்கு மீறிய விகிதத்தில் விபத்துகள் நேர்வதாக ராபின்சன் நிறுவனமே தன் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றில் எச்சரித்திருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1995-இல் ஆர்22, ஆர்44 இரண்டுக்கும் தனிப் பயிற்சி விதியைக் கொண்டுவந்தபோது, ரோட்டர் வேகம் தளர்தலையும் ஆற்றல் மேலாண்மையையும் கட்டாயப் பாடங்களாக்கியதும் இத்தகைய அனுபவங்களால்தான்.

இளம்பரிதி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு நொடியில் கடந்துபோகும் அந்தத் தாழ்வை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன், ஆனால் அதற்குத் தனியாகத் திறன் ஒதுக்க வேண்டும் என்று எண்ணியதில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். ஆர்22-இல் சுழற்சியைத் தானே சீராக்கும் கவர்னர் இருக்கிறதே, அது இந்தத் தளர்ச்சியைத் தடுக்காதா? மேலும், போதிய திறன் இல்லை என்பதைப் புறப்பாட்டின் எந்தக் கட்டம்வரை கண்டுகொண்டு திரும்ப முடியும்?

சுழலி எழுதியது:

கவர்னர் செய்வது த்ராட்டிலைத் திறப்பதும் மூடுவதும் மட்டுமே. த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும்போது அதற்கு வேலையே இல்லை. சொல்லப்போனால் அது ஒருவகையில் உண்மையை மறைக்கவும் செய்யும். கார்புரேட்டரில் பனி படிந்து எஞ்சின் திறன் குறையும்போது, கவர்னர் சத்தமின்றி த்ராட்டிலைத் திறந்து ஈடுகட்டிக்கொண்டே போகும். சுழற்சிமானியில் எந்த மாற்றமும் தெரியாது. திறந்து திறந்து இனித் திறக்க இடமில்லை என்ற நிலையில்தான் சுழற்சி விழும். விமானி முதன்முதலாகச் செய்தி அறிவது அப்போதுதான். ஆகவே ஹோவரில் நிற்கும்போது, கவர்னர் ஏற்கெனவே எவ்வளவு திறந்துவிட்டது என்பதை உங்கள் இடக்கைப் பிடியில் உணரப் பழகுங்கள். பனியைக் கரைக்கக் கார்புரேட்டர் வெப்பத்தைச் செலுத்தினாலும் கிடைக்கும் திறன் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எந்தக் கட்டம்வரை திரும்பலாம் என்ற கேள்விக்கு என் விடை: சில அடி உயரத்தில், நடைவேகத்தைத் தாண்டாத நிலையில், முன்னே சமதளமான தரை இருக்கும்வரை. அந்த எல்லைக்குள் எச்சரிக்கை ஒலி கேட்டால், கலெக்டிவைச் சற்றுத் தாழ்த்தி, த்ராட்டிலைத் திறந்து சுழற்சியை மீட்டபடியே மெல்லத் தரையில் அமர்ந்துவிடலாம். மரங்களையோ வேலியையோ நோக்கி ஏறத் தொடங்கியபின் கலெக்டிவைத் தாழ்த்த மனம் வராது. அதனால்தான் சுற்றிலும் தடைகள் உள்ள குறுகிய இடங்களிலிருந்து செங்குத்தாக ஏறும் பயிற்சிக்கு, தரை விளைவுக்கு வெளியே, அதாவது தரையின் உதவி கிடைக்காத உயரத்தில், ஹோவர் செய்வதற்கான வரைபடத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்த இரண்டடி வரைபடம் அங்கே பயன்படாது.

காற்று வீசும் திசையும் முக்கியம். 20 நாட் எதிர்காற்றில் ஹோவர் செய்தால் ரோட்டர் ஏற்கெனவே புதிய காற்றில்தான் இருக்கிறது, அழுத்தமானி நிறைவளிக்கும் எண்ணைக் காட்டும். அதே இடத்தில் காற்றைப் பின்னால் வாங்கும்படி திரும்பிப் புறப்பட்டால், முன்னோக்கி வேகம் கூடும்போது அந்த நன்மை முதலில் மறைந்துவிடும். திறன் குறைவாக உள்ள நாளில் திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால் வலப்பக்கம் திரும்புங்கள். ஆர்22-இன் ரோட்டர் சுழலும் திசையில் இடது பெடலே பின்சுழலியின் சுமையைக் கூட்டுவது.

மலைக்காற்று எழுதியது:

சுழலி அவர்கள் சொன்னதோடு எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்22-இன் உச்ச எடை 622 கிலோ. வெற்று எடை எந்திரத்துக்கு எந்திரம் மாறினாலும் 400 கிலோவை ஒட்டியே இருக்கும். 90 கிலோ எடையுள்ள இருவர் அமர்ந்து, 73 லிட்டர் கொள்ளும் முதன்மைத் தொட்டியையும் நிரப்பினால் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே நிரப்பும் எரிபொருளைப் பறப்பின் நீளத்துக்கேற்ப அளந்து ஊற்றுவது அன்றாடப் பழக்கமாக இருக்க வேண்டும். எரிபொருள் கையிருப்பைக் குறைந்தபட்ச விதிக்குக் கீழே கொண்டுபோவதை நான் சொல்லவில்லை. தேவையின்றித் தொட்டியை விளிம்புவரை நிரப்புவதையே சொல்கிறேன். முதல் தனிப்பறப்பில் பயிற்றுநர் இறங்கியதும் எந்திரம் துள்ளி எழும். எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு போய்விடுவதால் வரும் மாற்றம் அது. அந்த இலகுத்தன்மைக்குப் பழகிய கைக்கு, அடுத்த நாள் இருவராக ஏறும்போது எந்திரம் சோம்பலாகத் தோன்றும், கலெக்டிவை மிகையாக இழுக்கும் ஆசையும் வரும்.

நீங்கள் கொலராடோவில் இருப்பதால் இன்னொரு செய்தியும் பயன்படும். உங்கள் இடத்திலிருந்து மேற்கே, ஜிப்சம் ஊரில், ராணுவத் தேசியக் காவல்படையின் உயர்மலை ஹெலிகாப்டர் பயிற்சித் தளம் இயங்குகிறது. அங்கே பல்லாண்டு அனுபவமுள்ள ராணுவ விமானிகளுக்குக் கற்றுத்தரும் மையப்பாடமே திறன் மேலாண்மைதான்: எவ்வளவு திறன் இருக்கிறது, இந்தச் செயலுக்கு எவ்வளவு வேண்டும், மீதி எவ்வளவு என்பதை ஒவ்வொரு இறக்கத்துக்கும் புறப்பாட்டுக்கும் முன்னரே கணித்து, பின் கருவியில் சரிபார்ப்பது. உங்கள் அடுத்த வகுப்பிலிருந்தே இதைச் செய்யலாம். எஞ்சினை இயக்குவதற்கு முன், இரண்டடி ஹோவரில் மேனிஃபோல்டு அழுத்தம் எவ்வளவு இருக்கும், அன்றைய உச்ச அளவு எவ்வளவு என்று இரண்டு எண்களைத் தாளில் எழுதுங்கள். ஹோவரில் நின்றதும் அளவீட்டை அவற்றின் பக்கத்தில் எழுதச் சொல்லி உங்கள் பயிற்றுநரிடம் கொடுங்கள். காலைப் பறப்பு ஒன்றிலும் பிற்பகல் பறப்பு ஒன்றிலும் இப்படிச் செய்துவிட்டு, அந்த எண்களை இங்கே பதிவிட்டால் சேர்ந்து பார்க்கலாம்.